செயின்ட் ஆண்ட்ரூஸ்: பயணிகள் பார்த்த ஊரும் கெசட்டியர் எழுதிய ஊரும்

கேள்வி இதுதான்: ஸ்காட்லாந்து ஊர் ஒன்றைப் பழைய பயண நூல்கள் பாழடைந்த ஊர் என்கின்றன, கெசட்டியர்கள், அதாவது ஊர்களின் விவரங்களைத் தொகுத்துத் தரும் நூல்கள், அதே ஊரைக் கல்லூரி, சந்தை, துறைமுகம் என்று அடுக்குகின்றன. இரண்டில் எதை நம்புவது?

பொதுவாகப் பதில் சொன்னால் ஒன்றும் பிடிபடாது. ஒரே ஊரை எடுத்துக்கொண்டு, யார் எப்போது என்ன எழுதினார்கள் என்று பார்த்தால் புரியும். ஃபைஃப் பகுதியின் கிழக்குக் கரையில், வட கடலைப் பார்த்தபடி இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸை எடுத்துக்கொள்கிறேன். 18, 19-ம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்துக்குப் போன முக்கியமான பயண எழுத்தாளர்களில் பலர் இந்த ஊரைத் தொட்டிருக்கிறார்கள். அதோடு சென்னைக்கும் இந்த ஊருக்கும் உண்மையான ஒரு தொடர்பு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பாழ் எப்படி வந்தது என்று தெரிய வேண்டும். ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய தேவாலயம் இங்கேதான் இருந்தது. 1158-ல் கட்டத் தொடங்கி, 1318-ல் மன்னர் ராபர்ட் புரூஸ் முன்னிலையில் அர்ப்பணித்தார்கள். புனித அந்திரேயாவின் எலும்புகள் இங்கே இருப்பதாக நம்பி யாத்திரிகர்கள் வந்தார்கள். நாட்டின் முதல் பல்கலைக்கழகமும் இங்கேதான் உருவானது. 1413-ல் போப்பின் ஆணை வந்தது. அப்புறம் மதச் சீர்திருத்தக் காலம், கத்தோலிக்கத் திருச்சபையைப் புராட்டஸ்டண்டுகள் எதிர்த்து எழுந்த காலம். 1546 மார்ச்சில் ஜார்ஜ் விஷார்ட் என்ற போதகரைக் கோட்டை எதிரே எரித்தார்கள். மே மாதமே, எரிக்கச் சொன்ன கர்தினால் பீட்டனை அவர் கோட்டைக்குள்ளேயே புகுந்து கொன்றார்கள். 1559-ல் சீர்திருத்தத் தலைவர் ஜான் நாக்ஸ் ஊரில் பிரசங்கம் செய்தார். பேராலயத்தில் இருந்த சிலைகளும் பீடங்களும் தூக்கியெறியப்பட்டன. யாத்திரிகர் வருவது நின்றது, பேராயர் பதவியும் நாளடைவில் போனது. கூரை போன கட்டடத்தை ஊர்க்காரர்களே கல் எடுக்கும் இடமாக வைத்துக்கொண்டார்கள். 1654-ல் கோட்டைக் கற்களைத் துறைமுகச் சுவருக்கு எடுக்க நகர மன்றமே அனுமதி தந்தது. 1826-ல் அரசு பேராலய இடிபாட்டைத் தன் பொறுப்பில் எடுத்த பிறகுதான் இது நின்றது. ஆக, பாழாய்ப் போனதாகப் பயணிகள் வருந்திய கற்களில் கணிசமானவை அடுத்த தெரு வீட்டுச் சுவர்களிலும் துறைமுகத்திலும் வேலை செய்துகொண்டிருந்தன. இதை மனதில் வைத்துக்கொண்டு பயணிகளிடம் போகலாம்.

மிகவும் பேசப்பட்ட வருகை 1773 ஆகஸ்டில் நடந்தது. ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனும் அவருடைய இளம் நண்பர் ஜேம்ஸ் பாஸ்வெல்லும் எடின்பரோவிலிருந்து கிளம்பி, இருட்டிய பிறகு ஊருக்குள் வந்தார்கள். விடுதியில் இரவு உணவு முடிந்ததும் விடுதிக்காரர் மெழுகுவத்தியோடு முன்னே நடக்க, பணியாள் லாந்தரோடு வர, தங்கும் இடத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள் என்று பாஸ்வெல் எழுதுகிறார். தங்கியது ராபர்ட் வாட்சன் என்ற பேராசிரியரின் வீடு. அந்த வீடு செயின்ட் லெனர்ட்ஸ் கல்லூரி வளாகத்தில் இருந்தது. 1747-ல் அந்தக் கல்லூரியை இன்னொன்றோடு இணைத்துவிட்டதால் அதன் நிலமும் கட்டடங்களும் பிற்பாடு விற்கப்பட்டன. அதை வாங்கியவர் வாட்சனேதான்.

ஜான்சனின் நூல் 1775-ல் வந்தது. ஊரைப் பற்றி அவர் தந்த தீர்ப்பு கடுமையானது. ஒரு காலத்தில் இது செழித்திருந்தது என்பதை வரலாறு சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார். ஒரு தெரு காணாமலே போய்விட்டது, மிச்சமிருக்கும் தெருக்களில் வறுமையின் மௌனமும் வெறுமையும் என்கிறார். பல்கலைக்கழகம் நலிந்து உயிருக்குப் போராடுகிறதாம். மாணவர்கள் நூறு பேருக்கு மேல் இல்லை என்று கேள்விப்பட்டிருக்கிறார். கல்லூரியை விற்றது பற்றி அவருக்கு மனவருத்தம். அந்தக் கல்லூரியின் தேவாலயத்துக்குள் போய்ப் பார்க்கக் கேட்டபோதெல்லாம் ஏதோ ஒரு மரியாதையான சாக்குச் சொல்லித் தடுத்துவிட்டார்களாம். உள்ளே செடி வளர்த்துப் பார்த்தார்கள், செடியும் பிழைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டதாக எழுதுகிறார்.

இங்கே வாசகர் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஜான்சன் இங்கிலாந்துத் திருச்சபையின் தீவிர விசுவாசி. நாக்ஸை அவருக்கு அறவே பிடிக்காது. நாக்ஸ் எங்கே புதைக்கப்பட்டார் என்று பாஸ்வெல் பேச்சை எடுத்தபோது, நடுத்தெருவில் என்றுதான் நம்புகிறேன், அவர் செய்த சீர்திருத்தத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறேனே என்று பதில் சொன்னவர். ஆகவே அந்த இடிபாடு அவர் கண்ணில் வெறும் இடிபாடு அல்ல, ஒரு மதத் தரப்பு செய்த அநியாயத்துக்குச் சாட்சி. இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். கல்லூரி வருடத்தில் ஏழு மாதம்தான் நடக்கும் என்று அவரே செலவுக் கணக்கோடு எழுதுகிறார். உயர்ந்த வகுப்பு மாணவனுக்குச் சுமார் 15 பவுண்ட், மற்றவர்களுக்கு 10 பவுண்டுக்கும் குறைவு. அந்த ஏழு மாதம் குளிர்காலத்தை ஒட்டியது. அவர் வந்ததோ ஆகஸ்ட், விடுமுறை. மாணவர்களை நம்பியிருக்கும் சின்ன ஊர் விடுமுறையில் எப்படி இருக்கும்? அந்த மௌனத்தில் ஒரு பங்கு நாட்காட்டியால் வந்தது.

அதற்காக ஜான்சனை ஒதுக்கிவிடக் கூடாது. அவர் பார்வை கூர்மையானது. நூலகம் பெரிதல்ல, ஆனால் அழகாகவும் வெளிச்சமாகவும் இருக்கிறது என்று தாராளமாகப் பாராட்டுகிறார். பேராலய இடிபாட்டுப் பகுதியில் நிலவறை ஒன்றில் குடியிருந்த கிழவியைப் பற்றிய பத்திதான் எனக்கு அந்த ஊரைப் பற்றி எழுதப்பட்டவற்றிலேயே மிகவும் பிடித்தது. கணவன் வழியில் நாலு தலைமுறையாக அங்கேயே குடியிருப்பு, அதனால் யாரும் அவளைக் கிளப்பவில்லை. கணவன் பெயர் புரூஸ் என்பதால் அரச குடும்பத்தோடு உறவு என்று சொல்லிக்கொள்கிறாள். பெரிய மனிதர்கள் ஊரில் இருந்த காலத்தில் தன்னையும் கவனித்தார்கள், இப்போது யாரும் கண்டுகொள்வதில்லை என்று குறைப்படுகிறாள். நூல் நூற்கிறாள், துணைக்கு ஒரு பூனை, யாருக்கும் தொந்தரவு இல்லை. நாலைந்து வரிதான். பேராலயம் இடிந்த கதையை இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் யார் எப்படிச் சுமந்தார்கள் என்பது அதற்குள் வந்துவிடுகிறது. ஜான்சனின் தீர்ப்போடு நீங்கள் வாதாடலாம். இந்தக் கிழவியோடு வாதாட ஒன்றுமில்லை.

ஒரு வருடம் முன்னால், 1772-ல் வந்தவர் தாமஸ் பென்னன்ட். வேல்ஸைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர். பறவை, விலங்கு, பாறை என்று குறிப்பெடுத்துப் பழகிய கண். அவரும் இடிபாடுகளை விவரிக்கிறார், ஆனால் ஊரின் தொழில் என்ன என்றும் கேட்கிறார். ஒரு காலத்தில் இருந்திருக்கக்கூடிய தொழில்களெல்லாம் போய் மிஞ்சியது ஒன்றுதான், கோல்ஃப் பந்து செய்வது, அற்பமாகத் தோன்றினாலும் பலர் அதை வைத்துப் பிழைக்கிறார்கள் என்கிறார். பிறகு அந்த வேலையைச் சொல்கிறார். தோல் உறைக்குள் இறகைத் திணிக்க வேண்டும். மரக் கைப்பிடி போட்ட இரும்புக் கம்பியை நெஞ்சில் வைத்து அழுத்தித்தான் திணிப்பார்கள். அதனாலேயே இந்தத் தொழிலாளிகளுக்குக் காசநோய் வந்துவிடுகிறது என்கிறார்.

அந்தப் பந்தை எப்படிச் செய்தார்கள் என்று கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் அந்த வரியின் கனம் தெரியும். ஊறவைத்த தோல் துண்டுகளைத் தைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, ஒரு சின்ன ஓட்டை விடுவார்கள். வேகவைத்த வாத்து இறகு ஒரு தொப்பி நிறைய. அத்தனையும் உள்ளங்கையில் அடங்கும் அந்த உறைக்குள் போக வேண்டும். முதலில் கையால், பிறகு சின்னக் கம்பியால், கடைசியில் நெஞ்சு பலத்தால். ஓட்டையைத் தைத்துக் காயவைத்தால் இறகு விரியும், தோல் சுருங்கும், பந்து கல்லாக இறுகும். கைதேர்ந்தவருக்கே ஒரு நாளில் மூன்று நான்கு பந்துதான் தேறும். காசநோய் கிருமியால் வருவது என்று இன்று நமக்குத் தெரியும், நெஞ்சில் கம்பி அழுத்துவதால் வருவதில்லை. ஆனால் மூடிய அறை, இறகுத் தூசி, நாள் முழுக்க நெஞ்சில் அழுத்தம் என்றால் நுரையீரல் கெடுவதில் ஆச்சரியம் இல்லை. காரணத்தைப் பென்னன்ட் தவறாகச் சொல்லியிருக்கலாம், தொழிலாளிகள் சீக்கிரம் செத்ததை அவர் பதிவு செய்தார். 1848 வாக்கில் மலாயா மரப்பாலான கட்டாபெர்ச்சாவில் செய்த பந்து வந்து, சில வருடங்களில் இறகுப் பந்துத் தொழிலே ஓய்ந்தது.

ஜான்சன் அதே ஊரில் இருந்தார், அதே கடற்கரைப் புல்வெளியின் ஓரத்தில். அங்கே பிரபுக்களும் கனவான்களுமாக 22 பேர் சேர்ந்து 1754-லேயே கோல்ஃப் சங்கம் தொடங்கியிருந்தார்கள், அதுதான் பின்னாளில் உலகின் பெரும்பகுதிக்குக் கோல்ஃப் விதி வகுத்த சங்கம். ஆனால் ஜான்சனின் பக்கங்களில் கோல்ஃப் இல்லை. இன்று அந்த ஊர் பெயரைச் சொன்னால் உலகத்துக்கு முதலில் ஞாபகம் வருவது எதுவோ, அது அவர் கண்ணில் விழவில்லை. பயண நூலை வாசிக்கும்போது எழுதியவர் எதைத் தேடி வந்தார் என்று கேளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி கெசட்டியர் பக்கம். ஸ்காட்லாந்தில் இதற்கு அடித்தளம் போட்டவர் சர் ஜான் சின்க்ளேர். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் வட்டாரங்களின்) பாதிரியார்களுக்குச் சுமார் 160 கேள்விகள் அனுப்பினார். நிலம், பயிர், மீன்பிடி, பிறப்பு இறப்பு, கூலி, பள்ளி ஆசிரியர் சம்பளம், ஏழைகளுக்கான உதவி எல்லாம் அதில் உண்டு. பதில்கள் 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக வந்தன. 1834-45-ல் இரண்டாவது சுற்று நடந்தது. பயணி இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறவர், பாதிரியார் ஆயுள் முழுக்க அங்கேயே இருப்பவர். எந்த வீட்டில் எத்தனை பேர், எந்த வருடம் மீன் பொய்த்தது என்பது அவருக்குத் தெரியும். அவருக்கும் சாய்வு இருக்கும். சாராயக் கடைகளைப் பற்றியும் தன் சம்பளத்தைப் பற்றியும் எழுதும்போது குரல் மாறிவிடும். அதைத் தள்ளி வைத்துவிட்டுப் படித்தால், அந்தக் கால வாழ்க்கைக்கு இதைவிட நல்ல ஆதாரம் ஐரோப்பாவில் குறைவு.

பின்னால் வந்த கெசட்டியர்கள் இந்தத் தொகுதிகளைத்தான் கறந்தன. ராபர்ட், வில்லியம் சேம்பர்ஸ் சகோதரர்கள் 1832-ல் ஒன்று வெளியிட்டார்கள், சாமுவேல் லூயிஸின் அகரவரிசை நூல் 1846-ல் வந்தது, பிரான்சிஸ் க்ரூமின் ஆறு தொகுதிகள் 1882-85-ல். இவற்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அப்படியே நகர்வதைப் பார்க்கலாம். உதாரணமாக, ஈஸ்டருக்குப் பிறகு மடத்து வளாகத்தில் பல நாள் நடந்த பழைய சந்தைக்கு 200 முதல் 300 கப்பல்கள் வந்ததாக ஒரு செய்தி உண்டு. அது நூலுக்கு நூல் வந்துகொண்டே இருக்கிறது. அந்தத் துறைமுகத்தின் அளவைப் பார்த்தால் அத்தனை கப்பல் ஒரே நேரத்தில் நின்றிருக்க வழியில்லை. சந்தை பெரியது என்பதில் சந்தேகம் வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள். ஐந்து நூலில் இருப்பதால் ஐந்து சாட்சி ஆகிவிடாது.

இன்னொரு எச்சரிக்கை, கெசட்டியர் வெளியான வருடத்தை எப்போதும் பாருங்கள். க்ரூமின் தொகுதிகள் வந்தபோது டே ஆற்றுப் பாலம் 1879 டிசம்பர் புயலில் ரயிலோடு விழுந்து கிடந்தது, புதுப் பாலம் திறந்தது 1887-ல். ஆகவே அந்தப் பதிப்பில் ஃபைஃப் வழியாக வடக்கே போகும் ரயில் விவரங்களைப் படிக்கும்போது, அது ஒரு இடைக்காலத்தின் படம் என்று தெரிந்து படிக்க வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு 1852-ல் லூக்கர்ஸிலிருந்து ரயில் வந்தது, 1969-ல் நின்றுபோனது. அதனால் பழைய நூலை நம்பி ஊருக்குள் ரயில் நிலையம் தேடினால் கிடைக்காது. லூக்கர்ஸில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்.

1844-ல் நீதிபதி கோபர்ன் பிரபு வந்தபோது எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய ஊரான பொம்பெயியை நினைத்து, இந்த ஊரை ஸ்காட்லாந்தின் மிகச் சிறந்த பொம்பெயி என்று நாட்குறிப்பில் எழுதினார். ஜான்சன் வருந்திய அதே இடிபாடு, எழுபது வருடத்தில் ரசனைக்குரியதாகிவிட்டது. கற்கள் மாறவில்லை, பார்க்க வந்தவர்களின் ரசனை மாறிவிட்டது. ஊரும் மாறத் தொடங்கியிருந்தது. 1842-ல் நகரத் தலைவரான ஹியூ லயன் பிளேஃபேர், கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்கப் பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்த படிக்கட்டுகளை இடித்தார், நடைபாதை போட்டார், அழுக்கை அகற்றினார். 1861-ல் சாகும் வரை அவர்தான் தலைவர். 1832-ல் கெசட்டியர் வெளியிட்ட ராபர்ட் சேம்பர்ஸே 1840-களில் இங்கே வந்து குடியிருந்தார், கடைசியில் இங்கேயே 1871-ல் இறந்தார். ஊர்களைப் பட்டியலிட்டவர் வாழ்வதற்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார் என்றால், அது வெறும் பாழாக இருந்திருக்க முடியாது.

சரி, சென்னைத் தொடர்பு. 1830-களுக்குப் பிந்தைய நூல்களில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பதிவைப் படித்தால், சவுத் ஸ்ட்ரீட்டில் மெட்ராஸ் கல்லூரி என்ற பெயர் வரும். தமிழ் வாசகர் கட்டாயம் அங்கே நிற்பார். இதை நிறுவியவர் ஆண்ட்ரூ பெல். 1753-ல் இதே ஊரில் முடிதிருத்துபவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, இங்கேயே பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஜான்சன் வந்தபோது அவருக்கு வயது இருபது. 1787-ல் சென்னைக்கு வந்தார். 1789-ல் எழும்பூரில் தொடங்கிய இராணுவ ஆண் அனாதைகள் விடுதிப் பள்ளிக்கு அவர் பொறுப்பாளர். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவரச் சொன்னார். ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடு என்றார். அது நடந்தது. அப்படியே பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஏற்பாடாக அதை வளர்த்து, 1797-ல் லண்டனில் நூலாக வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் பிரிட்டனில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் அதைப் பின்பற்றின.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை வைத்துப் பாடம் நடத்துவது பெல்லுக்கு முன்பே இருந்த வழக்கம். மணல் எழுத்தை எங்கே பார்த்தேன் என்று பெல் ஒப்புக்கொண்டார், பிள்ளைகளே கற்பிப்பதைத் தன் கண்டுபிடிப்பாகத்தான் சொன்னார். அந்தப் பெருமையில் திண்ணை வாத்தியார்களுக்கும் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். பெல் 1832-ல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற சுமார் 1,20,000 பவுண்டில் ஏறத்தாழப் பாதி சொந்த ஊருக்கு. அந்தப் பணத்தில் 1833-ல் மெட்ராஸ் கல்லூரி திறந்தது. பெயர் கல்லூரி என்றாலும் அது பள்ளிக்கூடம். தெருவை ஒட்டி, சீர்திருத்தக் காலத்தில் இடிந்த கறுப்பு அங்கித் துறவிகளின் தேவாலயத்தில் ஒரு மூலை இன்னும் நிற்கிறது, அதற்குப் பின்னால்தான் இந்தப் பள்ளிக் கட்டடம். 2021-ல் பள்ளி ஊரின் மேற்கு ஓரத்தில் புதுக் கட்டடத்துக்கு மாறியது, மெட்ராஸ் என்ற பெயர் மாறவில்லை.

நீங்களே படித்துப் பார்க்க விரும்பினால் ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் பென்னன்ட், பிறகு ஜான்சன், உடனே பாஸ்வெல்லின் நாட்குறிப்பு. ஒரே மூன்று நாளை இரண்டு பேர் எழுதியிருப்பதால் ஒருவர் விட்டதை மற்றவரிடம் பிடிக்கலாம். ஜான்சன் பொதுவாக மரமே இல்லாத நாடு என்று புலம்பும் இடத்தில், ஊரில் ஒரு தோட்டத்தில் பெரிய மரம் ஒன்றைக் காட்டியவரே, இந்த வட்டாரத்தில் இப்படி இன்னும் ஒன்றுதான் இருக்கிறது என்று சொன்னதைப் பாஸ்வெல்தான் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு அப்புறம் பாதிரியார்களின் இரண்டு சுற்றுத் தொகுதிகளில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பகுதி, கடைசியில் க்ரூம். 1803 முதல் 1901 வரையிலான கெசட்டியர்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறது. பாதிரியார்களின் தொகுதிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. படிக்கும்போது ஊர் செழிப்பா பாழா என்று ஆசிரியர் தரும் தீர்ப்பை ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள், போகிற போக்கில் அவர் சொல்லிவிட்ட தொழில், விலை, மாதம், மனிதர்கள் ஆகியவற்றை இன்னொரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது பக்கத்தில் சேருவதுதான் பெரும்பாலும் நம்பத்தக்கது, ஏனென்றால் அவற்றைத் திரிப்பதற்கு எழுதியவருக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை.